இருபது அடி குறைந்த கட்டடம்

வீட்டுக்கு மேல் மாடி எழுப்பியோர் கதையை நாம் நாள்தோறும் கேட்கின்றோம். எழுப்பிய மாடியைத் தாமே கழற்றி இறக்கியோர் கதை அருமையாகவே காதில் விழுகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் டியேகோ நகரத்தில், 2007ஆம் ஆண்டிலே அத்தகைய காரியமொன்று நடந்தேறியது. பன்னிரண்டு மாடிகள் கொண்ட காரியாலயக் கட்டடம் ஒன்று 180 அடி உயரத்துக்கு எழும்பி நின்றது. அதன் உச்சியில் இருபது அடியளவு கழற்றப்பட்டு, 160 அடியோடு அது நிறுத்தப்பட்டது. தீப்பிடித்ததனால் அன்று, அத்திவாரம் இறங்கியதனாலும் அன்று. ஒரு மைலுக்கும் குறைந்த தூரத்தில் இருந்த சிறியதொரு விமான நிலையமே அதற்குக் காரணமாயிற்று.

இச்செய்தியை எமது உயர்தர வகுப்பு மாணவர்களுக்குத் திரிகோண கணித பாடத்தின் நடுவே ஒருநாள் சொன்னோம். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "விமானம் முப்பதாயிரம் அடியிற் பறக்கின்றது, சேர். 180 அடிக் கட்டடம் அதற்கு என்ன செய்துவிடும்?" என்றான். வகுப்பு சிரித்தது. ஆயினும் அக்கேள்வி சிரிப்பதற்குரியதன்று. உலகத்தின் பல நகரசபை மண்டபங்களிலே, கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்த பெரியோர்களும் இதே கேள்வியைத்தான் வேறு சொற்களிற் கேட்டு வருகின்றனர். "விமானங்கள் அவ்வளவு தாழ்வாக வருவதில்லையே" என்பது அவர்களுடைய வாதம். ஆகையால் அன்று பாடத்தை அவ்விடத்தில் நிறுத்திவிட்டு, அந்த மாணவனுக்கு விடைகூற முற்பட்டோம். அவ்விடையின் விரிவே இக்கட்டுரை.

முப்பதாயிரம் அடியிற் பறக்கும் விமானமும் ஈற்றில் நிலத்துக்கு வந்தேயாக வேண்டும். அது கிணற்றில் வாளி இறங்குவதுபோல நேராக இறங்குவதில்லை. பெரிய விமானங்கள் பெரும்பாலும் மூன்று பாகைக் கோணத்திலே, நெடுந்தூரத்திலிருந்து மெல்லச் சரிந்து வருகின்றன. மூன்று பாகையின் தாஞ்சனை அட்டவணையிற் பார்த்தால் 0.0524 என்றிருக்கும். அஃதாவது, ஒரு கிலோமீற்றர் முன்னே செல்லும்போது விமானம் ஏறத்தாழ 52 மீற்றர் கீழே இறங்குகின்றது. ஓடுபாதையின் தொடக்கத்தை அது கடக்கும்போது சுமார் 15 மீற்றர் உயரத்தில் இருக்கும் எனக் கொள்வோம். அப்படியாயின், அதற்கு ஒரு கிலோமீற்றர் முன்னர் அதன் உயரம் 67 மீற்றர். மூன்று கிலோமீற்றர் முன்னர் 172 மீற்றர். முப்பதாயிரம் அடி என்ற பேச்சு இங்கே எங்கே போயிற்று! விமான நிலையத்தை அண்டிய ஊர்களில் வாழ்வோர்க்கு இதை நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. முற்றத்தில் உலரும் துணி அசைய, விமானத்தின் வயிற்றை அண்ணாந்து பார்த்தவர்கள் அவர்கள்.

இனி, ஒரு கட்டடம் எவ்வளவு உயரலாம் என்பதை யார் எங்ஙனம் கணிக்கின்றனர் என்று பார்ப்போம். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் உலக நாடுகளுக்கென வகுத்த விதிகளிலே, பதினான்காவது இணைப்பு விமான நிலையங்களைப் பற்றியது. அவ்விணைப்பு, விமான நிலையத்தைச் சூழக் கண்ணுக்குப் புலப்படாத சில தளங்களைக் கற்பனையாக விரித்து வைத்திருக்கின்றது. அவற்றைத் துளைத்துக்கொண்டு எதுவும் மேலெழும்பலாகாது என்பது பொது நியதி.

இவற்றை மனத்திற் கொள்ள இரண்டு வீட்டுப் பொருள்கள் போதும். ஒன்று, தாம்பாளம். விமான நிலையத்தின் மட்டத்திலிருந்து 45 மீற்றர் உயரத்திலே ஒரு பெருந்தாம்பாளத்தை ஏந்திப் பிடித்திருப்பதாக எண்ணுக. பெரிய விமான நிலையங்களிலே அத்தாம்பாளத்தின் அடி, நாலு கிலோமீற்றர் ஆரைக்குச் சமதளமாகப் பரந்திருக்கும். அதற்கப்பால் அதன் விளிம்பு நூற்றுக்கு ஐந்து என்ற சாய்வில் வெளிப்புறமாக உயர்ந்து செல்லும். இன்னுமொரு 100 மீற்றர் உயரும்வரை, அஃதாவது மேலும் இரண்டு கிலோமீற்றர் தூரத்துக்கு, அது செல்லும். மற்றையது, சுளகு. ஓடுபாதையின் ஒவ்வொரு முனையிலும், ஒடுங்கிய பக்கம் ஓடுபாதையை நோக்கவும், அகன்ற பக்கம் வெளியே உயரவும் ஒரு சுளகைச் சாய்த்து வைத்தாற்போன்று, விமானம் இறங்கிவரும் வழிக்குக் கீழே ஒரு தளம் உண்டு. ஓடுபாதையின் தொடக்கத்துக்கு 60 மீற்றர் முன்னே அது ஆரம்பிக்கின்றது. முதல் மூன்று கிலோமீற்றருக்கு அதன் சாய்வு நூற்றுக்கு இரண்டு மாத்திரமே. மொத்த நீளமோ 15 கிலோமீற்றர். ஓடுபாதையின் இருபக்கங்களிலும் சரிந்து உயரும் தளங்களும் வேறு சிலவும் உள. அவற்றை இங்கே விரித்தால் கட்டுரை பாடநூலாகிவிடும்.

கணக்கில் நாட்டமுள்ள மாணவன் இவ்விடத்தில் ஓர் ஐயத்தை எழுப்புவான், எழுப்பவும் வேண்டும். ஓடுபாதையிலிருந்து மூன்று கிலோமீற்றர் தூரத்தில் விமானம் 172 மீற்றர் உயரத்தில் வருகின்றது என்றோம். அதே இடத்திற் சுளகின் உயரம் என்ன? 2940 மீற்றருக்கு நூற்றுக்கு இரண்டு வீதம், ஏறத்தாழ 59 மீற்றர். விமானத்துக்கும் கட்டடத்தின் தலைக்கும் இடையே 113 மீற்றர் வெறுமையாகக் கிடக்கின்றதே! நகரத்தின் நடுவிலே, பேர்ச்சசுக்கு இவ்வளவு இலட்சம் எனக் காணி விலைபோகும் காலத்திலே, இத்துணை வெளியை வீணாக விட்டுவைப்பது யாருக்காக?

அது நல்ல நாளுக்காக அன்று, கெட்ட நாளுக்காக. வானம் தெளிந்து, இரண்டு இயந்திரங்களும் ஒழுங்காக இயங்கி, விமானியும் களைப்பின்றியிருக்கும் நாளிலே, அந்த 113 மீற்றர் வெளி யாருக்கும் வேண்டியதில்லை. மழைமேகம் தாழ்ந்து, காற்று மேலுங்கீழுமாக அடித்து, ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாமையால் இறங்காது மீண்டும் மேலெழும்ப வேண்டிய நாளிலே அது வேண்டும். உயரமானி காட்டும் அளவு வளியமுக்கத்தைக் கொண்டே கணிக்கப்படுவது. அதிற் சிறு பிழை நேர்ந்த நாளிலும் அது வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நிலத்தைவிட்டு எழும்பும் தருணத்தில் ஓர் இயந்திரம் நின்றுபோன நாளை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இரட்டை இயந்திர விமானமொன்று, ஒன்று நின்றபின் மற்றையதைக் கொண்டு எவ்வளவு ஏறவல்லது? சக்கரங்களை உள்ளிழுத்துக்கொண்ட பின்னர் நூற்றுக்கு 2.4 என்ற சாய்விலாவது ஏறவல்லதாய் இருத்தல் வேண்டும் என்பது விதி. வெறும் நூறு மீற்றருக்கு 2.4 மீற்றர்! அதிலும், விமானியின் கை தளர்வதற்கும் இயந்திரம் பழசாவதற்கும் இடம்விட்டு, 0.8ஐக் கழித்து, நூற்றுக்கு 1.6 எனக் கொண்டே எதிரிலுள்ள தடைகளைக் கணக்கிடுகின்றனர். இக்கணக்கின்படி ஓடுபாதை முடிந்து இரண்டு கிலோமீற்றர் சென்றதும் விமானம் ஈட்டிய உயரம் 32 மீற்றர் மாத்திரமே. பத்து மாடி வீடொன்றின் உயரம் அது. அவ்வழியில் 40 மீற்றர்க் கட்டடம் ஒன்று எழும்பிவிட்டால், விமானம் அதில் மோதிவிடும் என்பதன்று பொருள். மோதாதிருக்க வேண்டுமாயின், புறப்படும்போதே பாரத்தைக் குறைக்க வேண்டும். அல்லது வேறு வழியில் திரும்பிச் செல்ல வேண்டும். பாரத்தைக் குறைப்பதெனில், சில பயணிகளை இறக்கிவிட வேண்டும். அல்லது எண்ணெயைக் குறைத்துக்கொண்டு இடையில் எங்கேனும் இறங்கவேண்டும். கட்டடத்தைக் கட்டியவர் இதை ஒருபோதும் அறியார். விமானத்தில் இடங்கிடையாது திரும்பிப்போன பயணியும் அறியார்.

உயர்ந்த கட்டடம் விமானத்துக்குச் செய்யும் தீங்கு பெரும்பாலும் இவ்வகையானதே. மோதலும் தீயும் பத்திரிகையின் முதற்பக்கத்துக்கு வந்துவிடும். நாள்தோறும் சிறுகச் சிறுகப் பாதுகாப்பைத் தின்னும் தீங்கு கணக்குப் புத்தகங்களுக்குள்ளேயே கிடந்துவிடும். சான் டியேகோவின் வழக்கும் அவ்வகையைச் சேர்ந்ததுதான்.

அங்குள்ள மொண்ட்கோமரி விமான நிலையம் பெரிய விமானங்கள் வருவதன்று. பறக்கப் பயில்வோரும், சொந்தத்தில் சிறு விமானம் வைத்திருப்போரும், வியாபாரப் பயணஞ் செய்வோரும் பயன்படுத்துவது. கடல் மட்டத்திலிருந்து 427 அடி உயர்ந்த மேட்டுநிலத்தில் அமைந்தது. அமெரிக்க விதிகளின்படி, இத்தகைய நிலையத்தின் சுற்றயலில் ஒருவர் உயரமாக எதையேனும் எழுப்ப எண்ணினால், சமஷ்டி விமானப் போக்குவரத்து நிருவாகத்துக்கு முற்கூட்டியே அறிவித்தல் வேண்டும். எவ்வளவு உயரம் என்பதற்கும் ஒரு கணக்குண்டு. நீண்ட ஓடுபாதையாயின், அதிலிருந்து நூறு அடி விலகினால் ஓரடி உயரம். அதற்கு மேற்பட்டால் அறிவித்தல் கட்டாயம். ஒரு மைலில் 5,280 அடி. எனவே ஒரு மைல் தூரத்திற்கூட 53 அடிக்கு மேற்பட்ட எதுவும் அவர்கள் பார்வைக்குச் சென்றேயாக வேண்டும். 180 அடிக் கட்டடத்தைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா?

அந்நிருவாகத்தின் ஆய்விலே இரண்டு சொற்கள் வேறுபடுத்திப் பேசப்படுகின்றன. ஒன்று தடை, மற்றது அபாயம். குறித்த அளவை மீறிய எப்பொருளும் தடை. ஆனால் எல்லாத் தடையும் அபாயமாகிவிடாது. ஏற்கெனவே உயர்ந்து நிற்கும் குன்றொன்றின் மறைவிலே எழும் கட்டடம், தளத்தைத் துளைத்தாலும் விமானத்துக்குப் புதிதாய் ஒரு தீங்கும் செய்யாதிருக்கலாம். அதனால் விமானிகளையும் விமான நிலையத்தாரையும் கேட்டு, வெளிச்சமுள்ள நாளிற் பறக்கும் வழிகளையும், மேகமூடிய நாளிற் கருவிகளைக்கொண்டு இறங்கும் முறைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பரிசீலித்து, றேடார் அலைகளும் வானொலி வழிகாட்டிகளும் அக்கட்டடத்தாற் சிதறுமோவென்று பார்த்து, ஈற்றில் ஒரு தீர்மானத்தைத் தருகின்றனர்.

சான் டியேகோவிற் சிக்கல் எழுந்தது மேகமூடிய நாளைப் பற்றியே. கருவிகளின் துணையால் மேகத்துக்குக் கீழே இறங்கிய விமானி, சில வேளைகளில் நேரே ஓடுபாதைக்குச் செல்ல முடியாது. காற்று எதிர்ப்பக்கத்திலிருந்து வீசும். அப்போது அவர் நிலையத்தைக் கண்ணால் விடாது பார்த்துக்கொண்டு, மேகத்துக்கும் கட்டடங்களுக்கும் இடையேயுள்ள ஒடுங்கிய வெளியில் அதை வட்டமிட்டு வந்து மறுமுனையில் இறங்குவார். அவ்வட்டத்துக்குட்பட்ட மிகவுயர்ந்த பொருளுக்கு மேல் ஆகக்குறைந்தது 300 அடி இடைவெளி விடப்படல் வேண்டும் என்பது அந்நாட்டு விதி. உயர்ந்த பொருள் இருபது அடி உயருமாயின், அந்தக் கீழெல்லையும் அதனோடு உயர்ந்தாக வேண்டும். மேகமோ நமக்காக உயர்ந்து கொடுக்காது. இருபது அடி கீழே வந்திருந்தால் ஓடுபாதையைக் கண்டிருக்கக்கூடிய விமானி, அதைக் காணாமலே திரும்பிப் போவார். அல்லது, போக மனமில்லாமல் விதியை மீறிச் சற்றே கீழிறங்கிப் பார்ப்பார். இரண்டாவதை நினைத்தாற்றான் நெஞ்சு பதைக்கின்றது.

160 அடிக்கு மேற்பட்டால் அக்கட்டடம் அபாயமாகும் எனச் சமஷ்டி நிருவாகம் 2006இல் அறிவித்தது. அப்படியாயின் வேலை அன்றே நின்றிருக்க வேண்டுமன்றோ? நிற்கவில்லை. இவ்விடத்திலேதான் வாசகர்கள் ஒரு விசித்திரத்தைக் கவனிக்க வேண்டும். அபாயம் என்று கூறும் அதிகாரம் அந்நிருவாகத்துக்கு உண்டு. கட்டாதே என்று தடுக்கும் அதிகாரம் இல்லை. நிலத்தின் மேல் எதைக் கட்டலாம் என்பது அமெரிக்காவிலே நகரத்துக்கும் மாநிலத்துக்கும் உரிய விடயம். நகரமோ அக்கட்டடத்துக்கு ஏற்கெனவே அனுமதிப் பத்திரம் வழங்கியிருந்தது. ஒரு கந்தோரில் அபாயம் என்று எழுதிய கடிதம். இன்னொரு கந்தோரில் கட்டலாம் என்று எழுதிய பத்திரம். இரண்டுக்கும் இடையே இரும்புச் சட்டங்கள் மேலேறிக்கொண்டிருந்தன.

கலிபோர்னியா மாநிலச் சட்டமே அங்கு பல்லுள்ள சட்டமாக இருந்தது. சமஷ்டி நிருவாகம் அபாயமெனத் தீர்மானித்த ஒன்றை மாநிலத்தின் தனி அனுமதியின்றி எழுப்பலாகாது என அது விதித்திருந்தது. அதைப் பற்றிக்கொண்டு நகரச் சட்டத்தரணி மைக்கல் அகீரி அவ்வாண்டின் இறுதியில் வழக்குத் தொடுத்தார். பத்திரிகைகள் எழுதின. விமானிகள் கூடிப் பேசினர். வேலையை நிறுத்தும் கட்டளை பிறந்த பின்னரும், மழையினாற் கட்டடம் கெடாதிருக்கும் பொருட்டு எனச் சில வேலைகளுக்கு இடமளிக்கப்பட்டமை நகரத்தில் பெரும் அரசியற் புயலாயிற்று. ஈற்றிலே 2007இல் நகர முதல்வரின் பக்கமும் மேற்பாகத்தை அகற்றியேயாக வேண்டும் என்ற நிலைக்கு வந்தது. பாரந்தூக்கிகள் மறுபடியும் வந்தன, ஏற்றியதை இறக்கின.

இவ்வழக்கிற் கட்டடக்காரர் பக்கத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடுவதும் முறையன்று. காணி அவருடையது; கடன் அவருடையது. காணிக்கு மேலுள்ள வானம் யாருடையது என்ற கேள்வியை அமெரிக்க உயர் நீதிமன்றம் 1946இலேயே சந்தித்தது. வட கரோலினாவில் கோஸ்பி என்னும் கோழிப் பண்ணைக்காரரின் காணிக்கு மேலாக, யுத்தகாலத்தில் இராணுவ விமானங்கள் 83 அடி உயரத்திற் சென்று இறங்கின. வெருண்ட கோழிகள் சுவரில் மோதி மடிந்தன. தொழிலைக் கைவிட்ட அவர் அரசாங்கத்தின் மீது வழக்காடினார். வானவெளி பொதுவழியே என்று கூறிய நீதிமன்றம், காணிக்காரன் தன் நிலத்தை அனுபவிப்பதற்கு வேண்டிய அளவு வானம் அவனுக்கு உரியது என்றும், அதை எடுத்துக்கொள்ளும் அரசாங்கம் நட்டஈடு கொடுக்கவேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. எனவே வானத்திலே காணிக்காரனுக்கும் ஒரு பங்குண்டு. அப்பங்கின் எல்லையை அத்திவாரம் வெட்டுமுன் சொல்லிவிட வேண்டும் என்பதே எமது எண்ணம். பன்னிரண்டாம் மாடி எழும்பிய பின்னர் சொல்லும் எல்லை எவருக்கும் நீதியாகத் தோன்றாது.

சிவப்பு விளக்கு வைத்தாற் போதாதோ என்று சிலர் கேட்பர். விளக்கு வேண்டியதே, ஆனால் அது காணக்கூடிய விமானிக்குத்தான் உதவும். மேகத்துக்குள் இருப்பவனுக்கு விளக்கும் ஒன்றே, விளக்கின்மையும் ஒன்றே.

கட்டடத்தை அசைக்க முடியாவிடில் விமானத்தின் வழியை மாற்றுவோம் என்பது மற்றொரு வாதம். இதனை மிகப் பெரிய அளவிற் செய்து காட்டிய நகரம் தென்கொரியாவின் சியோல். அங்கே 123 மாடிகளுடன் 555 மீற்றர் உயர்ந்து நிற்கும் லொற்றே கோபுரத்தைக் கட்ட முனைந்தபோது, அயலிலிருந்த விமானப்படைத் தளத்தின் பொருட்டு நெடுங்காலம் எதிர்ப்பு இருந்தது. 2009இல் அனுமதி கிடைத்தது. கட்டடத்தைக் குறைத்தன்று, தளத்தின் ஓடுபாதைகளில் ஒன்றை ஏறக்குறைய மூன்று பாகை திருப்பி அமைத்து! மூன்று பாகை என்பது கடிகாரத்தின் நிமிட முள் அரை நிமிடத்திற் கடக்கும் கோணம். அவ்வளவு சிறிய திருப்பம், பத்துக் கிலோமீற்றர் தூரத்திலே அரைக் கிலோமீற்றருக்கு மேல் வழியை விலக்கிவிடும். கோபுரம் 2017இல் திறக்கப்பட்டது. ஆயினும் அது எழும்பிக்கொண்டிருந்த காலத்திலேயே, 2013 நவம்பர் 16ஆந் திகதி காலை, ஹெலிகொப்டர் ஒன்று மூடுபனியிற் சியோலின் உயர்ந்த தொடர்மாடி வீடொன்றில் மோதி, விமானிகள் இருவரும் மாண்டனர். ஓடுபாதையைத் திருப்பலாம், பனியைத் திருப்ப முடியாது என்ற பேச்சு அப்போது மீண்டும் அந்நகரத்தில் எழுந்தது.

அதே ஆண்டு ஜனவரி 16ஆந் திகதி இலண்டனில் நடந்ததும் நினைவுகூரத்தக்கது. வொக்சோல் பகுதியிற் கட்டப்பட்டுக்கொண்டிருந்த கோபுரத்தின் உச்சியிலே நின்ற பாரந்தூக்கியில், தாழ்ந்த மேகத்தினிடையே ஒரு ஹெலிகொப்டர் மோதியது. விமானியும், கீழே வீதியிற் சென்றுகொண்டிருந்த ஒருவரும் உயிரிழந்தனர். வரைபடத்திற் கட்டடத்தின் உயரம் இருக்கும். அதைக் கட்டும் பாரந்தூக்கி அதற்கும் மேலே நிற்கும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. இலண்டனில் வேறொரு கோபுரத்தின் திட்டமே, விமானப் போக்குவரத்து அதிகாரிகளின் சொல்லுக்கு இணங்கி, 307 மீற்றரிலிருந்து 288 மீற்றராக வரைபடத்திலேயே குறைக்கப்பட்டதும் உண்டு. கடதாசியிற் குறைப்பதற்கு அழிப்பான் போதும். மும்பையிலே அவ்வழி பின்பற்றப்படவில்லை. விமான நிலையத்தின் அயலில் அளவுமீறி எழுந்த 48 கட்டடங்களின் மேற்பாகங்களை அகற்றுமாறு அந்நகரத்து மேல் நீதிமன்றம் 2022 ஜூலையிற் பணிக்க வேண்டி நேர்ந்தது. அம்மேற்பாகங்களிற் குடியிருந்தோர் நிலையை எண்ணிப் பாருங்கள். அவர்கள் காசு கொடுத்து வாங்கியது வீடு. கையிற் கிடைத்தது வழக்கு.

எமது நாட்டிலும் இரத்மலானை, கட்டுநாயக்கா, பலாலி ஆகிய இடங்களில் விமானங்கள் இறங்குகின்றன. கொழும்பில் உயர்ந்த மாடிகள் எழும்புகின்றன. உயரத்துக்கான இசைவை நாடுவோர் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபைக்கே செல்கின்றனர். 2019 ஒக்டோபரிற் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டபின், யாழ்ப்பாணத்து மாணவர்க்கும் இக்கணக்கு ஏட்டுக் கணக்காக மாத்திரம் இல்லை.

ஆகவே அன்றைய வகுப்பின் முடிவில் ஒரு வீட்டுக்கணக்குக் கொடுத்தோம். பெரிய விமான நிலையம் ஒன்று. அதன் தாம்பாளத்தின் மையத்திலிருந்து ஐந்து கிலோமீற்றர் தூரத்திலே, விமானம் இறங்கும் வழிக்கும் ஏறும் வழிக்கும் புறம்பாக, ஒருவர் மாடி கட்ட விரும்புகின்றார். அவருடைய காணி விமான நிலையத்தைவிட 12 மீற்றர் மேடானது. ஒரு மாடிக்கு 3.3 மீற்றர். எத்தனை மாடி கட்டலாம்?

மறுநாட் காலையிற் பலரும் விடையோடு வந்தனர். தாம்பாளத்தின் அடி 45 மீற்றர். விளிம்பில் ஒரு கிலோமீற்றருக்கு நூற்றுக்கு ஐந்து வீதம் 50 மீற்றர். ஆக 95 மீற்றர். சிலர் அதை அப்படியே 3.3 ஆல் வகுத்து 28 மாடி என்றனர். காணியின் மேட்டை அவர்கள் மறந்துவிட்டனர். நிலையத்தின் மட்டத்திலிருந்து அளக்க வேண்டியதைக் காணியின் மட்டத்திலிருந்து அளப்பதே இக்கணக்கிற் பெரியவர்களும் விடும் பிழை. வேறு சிலர் 12ஐக் கழித்து, 83 மீற்றருக்கு 25 மாடி என எழுதியிருந்தனர். முன்வரிசையில் இருந்தவனை எழுப்பி, "தம்பி, தண்ணீர்த் தாங்கியை எங்கே வைக்கப்போகின்றாய்?" என்றோம். அவன் திகைத்தான். தாங்கியும், மின்னுயர்த்தியின் இயந்திர அறையும், அவற்றின் மேல் இடிதாங்கியும் ஐந்து மீற்றரை எடுத்துக்கொள்ளும் என்றோம். அழித்து எழுதி, "23, சேர்" என்றான்.

சரி என்று சொல்லிக் கரும்பலகைப் பக்கம் திரும்பினோம். முதல்நாள் முப்பதாயிரம் அடி என்று கேட்ட அந்தப் பின்வரிசை மாணவன் மறுபடியும் எழுந்து நின்றான்.

"இருபத்துமூன்றாவது மாடியைக் கட்டும்போது பாரந்தூக்கி எவ்வளவு உயரத்தில் நிற்கும், சேர்?" என்று கேட்டான். இம்முறை வகுப்பு சிரிக்கவில்லை.